பிரிக்காமல் போகட்டும் என்று நான் வேண்டிய பார்சல்

என் தங்கை ரோசம்மா பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஏழு வருஷத்தில் இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தாள். முதல் பிள்ளை பிறந்தபோதே எனக்கு எழுதினாள். அம்மா தைத்த ஞானஸ்நான கவுனை அனுப்பு அக்கா என்று கேட்டாள். நான் அனுப்பவில்லை. கடலில் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று சாக்குச் சொல்லி, அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை நாற்பது நாளில் போய்விட்டது. இரண்டாவது பிள்ளைக்கு அவள் கேட்கவே இல்லை. அதுவும் தங்கவில்லை. கவுனுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று பங்குச் சாமியார் எனக்கு எத்தனையோ தரம் சொன்னார். புத்திக்குப் புரிந்தது. நெஞ்சு கேட்கவில்லை.

அந்தக் கவுன் எங்கள் அம்மா தன் கல்யாண முக்காட்டை வெட்டிக் கையாலே தைத்தது. நானும் ரோசம்மாவும் என் மூன்று பிள்ளைகளும் அதைப் போட்டுத்தான் ராயபுரம் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினோம். அம்மா போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

1968-ம் வருஷம் நவம்பர் மாசம் கடுதாசி வந்தது. மூன்றாவது பிள்ளை, பெண், பிழைத்துக் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஞானஸ்நானம். கடைசி வரியில், “இந்தத் தடவையாவது அனுப்புவாயா அக்கா” என்று எழுதியிருந்தாள். கோபமாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். அவர் விசாரித்துக்கொண்டு வந்தார். பண்டிகைக்கு முன்னால் பினாங்கு போய்ச் சேருகிற கப்பல் இனி ஒன்றே ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்குள் பீச் பக்கத்துப் பெரிய தபாலாபீசில் பார்சலைச் சேர்த்துவிட வேண்டும்.

சிலர் எனக்குப் பயம் காட்டினார்கள். சுங்கத்தில் பிரிப்பார்கள், கண்டபடி வெட்டுவார்கள், நல்ல துணி என்றால் திரும்பி வராது என்றார்கள். அதனால் நான் அந்தோணியாரிடம் ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன். “அந்தோணியாரே, யார் கையும் இந்தப் பார்சலைப் பிரிக்காமல், யாரும் தடுக்காமல் அப்படியே போய்ச் சேரட்டும்.” இதே வார்த்தை. காலையில், மாலையில், அடுப்படியில், குழாயடியில், இதேதான்.

பக்கத்து வீட்டு சூசையம்மா அக்கா ரோசம்மாவைத் தூக்கி வளர்த்தவர். பார்சல் போகிறது என்று கேள்விப்பட்டதும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பிடி நெத்திலிக் கருவாடு வைக்கலாமே என்றார். துணி என்று எழுதிப் போகிற பார்சலில் வேறு எதுவும் வைக்கக்கூடாது அக்கா என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

செவ்வாய் அந்தோணியார் நாள். காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த கையோடு தபாலாபீஸ் போகலாம் என்று, கவுனை மாவுப்பைத் துணியில் சுற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனேன். வீட்டுக்காரர் வலை தைத்துப் பழகிய குடும்பம். அவர் தைத்தால் பிரியாது. பெட்டிமேல் இருக்கிற மூட்டையைத் தைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தேன். பூசை முடிந்து வந்தால், பார்சல் அழகாகத் தைத்து விலாசத்தோடு இருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தபாலாபீசில் நல்ல கூட்டம். என் முறை வந்தபோது பதினொன்று அடித்துவிட்டது. கவுண்டரில் வயசான ஐயர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே என்ன என்று கேட்டார். குழந்தை கவுன் ஒன்று என்றேன். பார்சல் ஃபாரத்தில் எழுதினார். பார்சலைத் தராசில் வைக்கத் தூக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது, கவுன்ங்கறேள். மீன் நாத்தம்னா அடிக்கறது?”

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கருவாட்டு வாசனை தனியாகத் தெரியாது. எங்கள் காற்றே அதுதான். இல்லை சாமி, துணிதான் என்று சாதித்தேன். பிரித்துக் காட்டினால்தான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் கத்தரிக்கோலை நீட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பிரிக்க மட்டும் சொல்லாதீர்கள் என்று அழுதேன். அவர் அசையவில்லை.

வெட்டினேன். உள்ளேயிருந்து நெத்திலி மேஜைமேல் கொட்டியது.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் ஒருவன், “இன்னாமா, பினாங்குல கடலு இல்லியா?” என்றான். எனக்கு அந்தச் சிரிப்பு காதில் ஏறவில்லை. கவுன் எங்கே? அது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. நெத்திலியை முந்தானையில் வாரிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

ரிக்‌ஷாவில் ஏறியதும் அந்தோணியாரோடு சண்டை போட்டேன். எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினேன், பிரிக்கக்கூடாது என்று ஒன்றைத்தானே கேட்டேன், அதைக்கூடச் செய்யவில்லையே என்று புலம்பினேன். ரிக்‌ஷா மேம்பாலம் ஏறும்போது எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த ஐயர் பிரிக்கச் சொல்லாமல் முத்திரை குத்தியிருந்தால்? கப்பலேறிப் பினாங்குக்குப் போயிருப்பது ஒரு பிடி நெத்திலி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் தங்கை ஆசையாகப் பிரித்து அதைப் பார்த்திருப்பாள். நான் கேட்டபடியே கொடுத்திருந்தால் நான் கெட்டேன். ரிக்‌ஷாவிலேயே சிலுவை போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டு வாசலில் சூசையம்மா அக்கா நின்றிருந்தார். கையில் என் மாவுப்பை மூட்டை.

“இன்னாடி லூர்து, நான் கருவாடு வெச்சா உன் வூட்டுக்காரு கவுனைக் கொணாந்து குடுத்துட்டுப் பூட்டாரு. நான் இன்னா, இந்த வயசுல கவுனா போட்டுக்கினு திரிய?”

நடந்தது இதுதான். நான் கோயிலில் இருந்தபோது அக்கா, ஒரு பிடிதானே என்று கருவாட்டையும் மாவுப்பைத் துணியில் நாலைந்து சுற்றாகச் சுற்றி அதே பெட்டிமேல் வைத்திருக்கிறார். வைத்துவிட்டு, இது ரோசாவுக்குக் கருவாடு என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியும் இருக்கிறார். அவருக்கும் மூக்கு என் மூக்குதானே. ஒரு மூட்டையைத் தைத்தார். மற்றதுதான் கருவாடு என்று நினைத்து, துணி மட்டும்தான் போகணுமாம் என்று வேலைக்குப் போகிற வழியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சொல்லி முடித்ததும் அக்கா அழுதுவிட்டார். “என்னாலதானே புள்ளே இவ்ளோ பேஜாரு” என்றார். உங்கள் கருவாடு நாறினதால்தானே அக்கா மூட்டை மாறினது தெரிந்தது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் என்னோடு ரிக்‌ஷாவில் ஏறினார். வழியெல்லாம் செபமாலை. இந்தத் தடவை நான் எப்படி, என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. உமக்குத் தெரியும், அவ்வளவுதான் சொன்னேன்.

தபாலாபீஸ் வாசலில் பார்சல் தைத்துக் கொடுக்கிற பாய் ஒருவர், நான் ஓடினதைப் பார்த்திருக்கிறார். எதுவும் கேட்காமல் ஊசியில் நூல் கோத்துத் தயாராக வைத்திருந்தார். முதலில் கவுனை ஐயரிடம் காட்டினேன். அவர் அதை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். கை வேலையா என்று கேட்டார். அம்மா தைத்தது என்றேன். பாய் தைத்துக் கொடுத்ததும் ஐயரே எழுந்து அரக்கை உருக்கி ஐந்து இடத்தில் முத்திரை வைத்தார். அப்போது மணி ஒன்றாக இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

“க்ஷேமமாப் போய்ச் சேரும், போங்கோ” என்றார்.

ஜனவரியில் கடுதாசி வந்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் பார்சல் கிடைத்ததாம். பிள்ளைக்கு அந்தோணியம்மாள் என்று பேர் வைத்தார்களாம். ரோசம்மா எழுதியிருந்தாள்: “அக்கா, கவுனைப் பிரித்ததும் நம்ம தெரு வாசனை அடித்தது. துவைக்க மனசு வரவில்லை. அப்படியே போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப் போனேன்.” சூசையம்மா அக்காவுக்கு அதை மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

இன்றைக்கு அந்தோணியம்மாள் பள்ளிக்கூடம் போகிறாள். கவுன் ஒரு கப்பல் பிரயாணியின் கையில் திரும்பி வந்தது. அதை நான் பூட்டி வைப்பதில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் கொடுத்தனுப்புகிறேன். சூசையம்மா அக்காவின் பேரன் அதை நன்றாக நனைத்துவிட்டான். துவைத்துக் காயப்போட்டேன். வேறென்ன?

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது, வேண்டியது நடக்கவில்லையே, வழியில் எவனோ குறுக்கே நிற்கிறானே என்று மனக்குறை இருந்தால், கொஞ்சம் பொறுங்கள். எங்கள் எல்லார் மூக்குக்கும் தெரியாததைக் கண்டுபிடிக்க, மீனே சாப்பிடாத ஒரு மனிதரை ஆண்டவர் அந்தக் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார். உங்களுக்கும் ஒருவரை எங்கேயோ உட்கார வைத்திருப்பார். நம்பிப் போங்கள்.