அத்தான் சொல்லாமல் விட்ட பாதி

என்ரை அத்தான் தர்மராசாவைப் பற்றிப் பாரிஸ் லாச்சப்பலில ஆரைக் கேட்டாலும், "நல்ல மனிசன், வாய் திறவாது" எண்டுதான் சொல்லுவினம். வாய் திறக்காததைப் பெரிய குணமெண்டு நினைக்கிற சனம் எங்கடை சனம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இப்ப எனக்கே என்னில கோபம் வருது.

அத்தான் தொண்ணூற்றிரண்டில பாரிசுக்கு வந்தவர். லாச்சப்பல் மெத்ரோவுக்குக் கிட்ட ஒரு பிரெஞ்சுக்காரன்ரை ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவத் தொடங்கி, இருபது வரியத்தில அங்கையே குசினிக்குப் பொறுப்பா வந்தார். என்னையும் அங்கை சேர்த்துவிட்டது அவர்தான். என்ரை அக்கா சாரதாதேவியைக் கட்டி, பாரிசுக்கு வெளியில பொண்டியில ஒரு சின்ன வீடும் வாங்கினார். ஒரே பெடியன், கிருஷிகன்.

ஒவ்வொரு யூலை பதினாலும், பிரான்சின்ரை தேசிய நாளில, அத்தான் லீவெடுத்து, பெடியனைத் தோளில தூக்கிக்கொண்டு ஆமியின்ரை அணிவகுப்புப் பாக்கப் போவார். "பார் தம்பி, இந்த நாடுதான் எங்களுக்கு இருக்கிறதுக்குப் பப்பியே தந்து, சோறும் போட்டது. நன்றியோட இருக்கோணும்." ஒரு வரியமும் தப்பேல்லை.

அது ஒரு பாதி. மற்றப் பாதியை அவர் சொல்லேல்லை. ஊரில அவருக்குப் பதின்மூண்டு வயசா இருக்கேக்கை, சமாதானம் காக்கிறமெண்டு கடல் தாண்டி ஒரு ஆமி வந்தது. முதல் கிழமை சனம் ரோட்டில நிண்டு மாலை போட்டது. அத்தானும் போட்டவர். மூண்டு மாதத்தில அதே ஆமி ஆரையோ தேடுறமெண்டு வீட்டுக்குள்ளை பூந்து, அவரின்ரை அப்பாவைத் தலையில கை வைச்சபடி முற்றத்து வெய்யிலுக்கை இருத்தினது. விடியத் தொடங்கிப் பின்னேரம் மட்டும். அந்த அப்பா ஒரு பள்ளிக்கூட அதிபர். அதுக்குப் பிறகு சாகும்மட்டும் வீட்டுப் படலையைத் தாண்டேல்லை. "பிள்ளையளுக்கு உதெல்லாம் ஏன்? பயமில்லாமல் வளரட்டும்" எண்டுவார் அத்தான். இது இஞ்சை எங்கடை எல்லா வீட்டிலயும் உள்ள சட்டம். அந்தக் கதை எனக்கும் தெரியும். நானும் மருமகனுக்கு மூச்சு விடேல்லை.

அணிவகுப்புப் பாத்து வளந்த பெடியன் என்ன செய்வான்? பத்தொன்பது வயசில பிரெஞ்சு ஆமியில சேந்திட்டு வந்து நிண்டான். அக்கா குளறினா. அத்தான் "சரி" எண்டார், அவ்வளவுதான். ஆமிக்குப் பயந்து ஓடிவந்த சனத்தின்ரை பிள்ளை ஆமியெண்டா நாலு பேர் நாலு கதை கதைப்பினமெல்லோ. கேட்டவைக்கெல்லாம் "துலூசில வேலை" எண்டு பொய் சொன்னம்.

அவனை ஆபிரிக்காவில இருக்கிற மாலிக்கு அனுப்பிச்சினம். சகாராப் பாலைவனத்தில கிளர்ச்சிக்காரரைத் தேடிப் பிடிக்கிற வேலை. கிழமைக்கு ஒருக்கா எனக்கு ஃபோன் எடுப்பான். "மாமா, நாங்கள் முதல் வரேக்கை சனம் கொடி பிடிச்சு வரவேற்றதாம். இப்ப கல்லெறியினம். எனக்கு விளங்கேல்லை." எனக்கு நல்லா விளங்கினது. "கவனமா இரடா" எண்டு சொல்லிப்போட்டு ஃபோனை வைச்சன். என்ன கோதாரிக்கு எனக்கொரு வாய்!

ஒருநாள் அக்காவுக்கு ஒரு படம் அனுப்பினான். ஒரு மண் வீடு, வாசலில துவக்கோட கிருஷிகன், சிரிச்சுக்கொண்டு. அவனுக்குப் பின்னால முற்றத்தில ஒரு கிழவன் தலையில கை வைச்சபடி இருக்கிறார். பெடியன் கிழவனைக் காட்ட அனுப்பேல்லை, தான் சுகமா இருக்கிறனெண்டு காட்டத்தான் அனுப்பினவன். அத்தான் படத்தைப் பாத்தார். ஃபோனை மேசையில கவிட்டு வைச்சிட்டு வேலைக்குப் போட்டார்.

அண்டையோட மகனோட கதை நிண்டது. அவன் எடுத்தா, "நித்திரை எண்டு சொல்லு" எண்டுவார். அவன் லீவில வந்தா ரெண்டு வேலை செய்து பிந்தி வருவார். "மாமா, நான் என்ன பிழை செய்தனான்?" எண்டு பெடியன் என்னட்டைக் கேப்பான். "அப்பாவுக்கு அலுப்படா" எண்டுவன். ஆமியை விட்டு வந்த பிறகும் அவன் பொண்டிக்கு வரேல்லை. சென் தெனியில ஒரு அறை எடுத்து, லொறி ஓடினான்.

இதுக்கிடையில எங்கடை குசினிக்குக் கோப்பை கழுவ மமது எண்டொருத்தர் வந்தார். மாலிக்காரர். மத்தியானச் சனம் போன பிறகு அத்தானும் அவரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுவினம். வாய் திறவாத அத்தான் அரைகுறைப் பிரெஞ்சில அந்தாளோட மணிக்கணக்காக் கதைப்பார். எனக்கு எரிச்சல்தான், பொய் சொல்லுவானேன்?

போன மாசியில ஒரு பின்னேரம் கிருஷிகன் குசினிப் பின்கதவால வந்தான். "பொர்தோவில வேலை கிடைச்சிருக்கு. அங்கையே இருக்கப்போறன். அப்பாவுக்குச் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்." அத்தான் வெங்காயத்தில இருந்து தலை நிமித்தேல்லை. கதையடா மனிசா, இண்டைக்கு விட்டா எப்ப எண்டு மனசுக்குள்ளை சொன்னன்.

மமதுதான் கையைத் துடைச்சிட்டு வந்து அவனுக்குக் கை குடுத்தார். "துலூசில இருக்கிற மகன் நீங்கள்தானோ? உங்கடை அப்பப்பாவை முழுநாளும் வெய்யிலில இருத்தின கதையை அப்பா எனக்குச் சொன்னவர். பாவம் அந்தப் பெரியவர்" எண்டார் பிரெஞ்சில.

"என்ரை அப்பப்பாவையோ? ஆர் இருத்தினது?"

அந்தாள் வஞ்சகமில்லாமல் எல்லாத்தையும் சொன்னார். மாலை போட்டது, வீட்டுக்குள்ளை பூந்தது, தலையில கை, படலை. கிருஷிகன் அத்தானைப் பாத்துப் பிரெஞ்சிலயே கத்தினான்.

"இவருக்குச் சொன்னியள், எனக்கு ஏன் சொல்லேல்லை? தெரிஞ்சிருந்தா, மாலியில அந்தக் கிழவனை நான் அப்பிடி இருத்தியிருப்பனே?"

மமது அவனைப் பாத்தார், பிறகு அத்தானைப் பாத்தார். திரும்பிப் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டார்.

"நீ பயமில்லாமல் வளரோணுமெண்டுதான்..." எண்டு இழுத்தார் அத்தான். தும்பை விட்டிட்டு வாலைப் பிடிக்கிற கதை.

கிருஷிகன் பிறகு தமிழில, மெல்லமாக் கேட்டான். "அந்தக் கிழவனும் தன்ரை பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லியிருக்க மாட்டார், என்னப்பா?"

அத்தான் கத்தியை வைச்சார். "சொல்லத் தேவையில்லை, தம்பி. பிள்ளையள் பாத்துக்கொண்டெல்லோ நிண்டிருக்குங்கள். நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

பெடியன் அண்டைக்கே பொர்தோவுக்குப் போட்டான். இப்ப ஒவ்வொரு பின்னேரமும் அத்தான்தான் அவனுக்கு எடுக்கிறார். சில நாள் அவன் பதில் சொல்லுவான், சில நாள் இல்லை. மமது தன்ரை சாப்பாட்டைக் கொண்டுபோய் வெளியில தனிய நிண்டு சாப்பிடுறார். அத்தான் இன்னும் மேசையில ரெண்டு சாப்பாட்டுக் கோப்பைதான் வைக்கிறார்.