பத்து சிடியும் பதினான்கு வளைவும்

போன அக்டோபரில் லெஸ்லியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள், கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. அவரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது கடைசியில் பிளாஸ்டிக் உறையில்தான் போய் நின்றது. அதற்குமேல் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள ஒருவராலும் முடியவில்லை.

கேத்திப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்தொரு வருடம் அலுவலக வேலை பார்த்தவர் லெஸ்லி. வீடு குன்னூரில். வாங்கிய பொருளைப் பிரிக்க மாட்டார். டிவி ரிமோட் வந்த உறைக்குள்ளேயே இருக்கும். உறையோடு சேர்த்துத்தான் பட்டனை அமுக்க வேண்டும். பிரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டிய தாள் எட்டு வருடமாக அப்படியே இருந்தது. யாராவது கேட்டால், “கம்பெனிக்காரன் யோசிக்காமலா வச்சிருப்பான்?” என்பார். அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் யாரும் பதில் சொல்லி ஜெயித்ததில்லை.

2010இல், ஓய்வு பெற்ற ஒரு எஸ்டேட் கணக்காளரிடமிருந்து பச்சை நிறக் கார் ஒன்றை வாங்கினார். ஏழு வருடம் ஓடிய கார். ஆனால் பின் சீட்டில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருந்தது. “இன்ஜினைப் பாக்கலைங்க. சீட்டைப் பாத்தாரு, அட்வான்ஸைக் குடுத்துட்டாரு” என்று மனைவி பியாட்ரிஸ் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

பியாட்ரிஸ் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நாக்கு நல்ல கூர்மை. பள்ளி ஆய்வாளரையே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தவர் என்று பெயர். அப்பேர்ப்பட்டவர் காரில் ஏறி மேட்டுப்பாளையம் சாலையில் நான்கு வளைவு இறங்கினால் வாந்திதான். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், வயிற்றில் மடித்துக் கட்டிய செய்தித்தாள், எதற்கும் அந்த வாந்தி அசைந்து கொடுத்ததில்லை. ரயிலில் மட்டும் ஒன்றும் செய்யாது. அந்த வருடம் பார்த்து மழையில் பாதை சரிந்து ரயில் நின்றுபோயிருந்தது.

மகள் ரேச்சல் கோயமுத்தூரில் நர்சிங் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. லெஸ்லி மாதம் ஒருமுறை ஊட்டி வர்க்கியும் கேரட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். பியாட்ரிஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. முதல் வருட மாணவிகள் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் விழா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று ரேச்சல் தொலைபேசியில் சொன்னாள். சொன்ன கையோடு, “அம்மா, நீங்க வரணும்னு இல்லம்மா. அப்பா வந்தாப் போதும். நான் போட்டோ அனுப்பறேன்” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். பியாட்ரிஸ் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினார். இருவருக்குத் தேவையானதைப்போல் நான்கு பங்கு. அந்தச் சனிக்கிழமை பியாட்ரிஸ் போகவில்லையென்றால், இனி ரேச்சல் கூப்பிடவே மாட்டாள் என்று லெஸ்லிக்கு விளங்கிவிட்டது. விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலை பல் துலக்கும்போது லெஸ்லிக்குப் பைக்காரா நினைவு வந்தது. போன வருடம் ஆசிரியர்கள் எல்லோரும் வேன் பிடித்துப் பைக்காராவுக்குப் போனார்கள். போய்த் திரும்பும்வரை பியாட்ரிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“ஏம்மா, அன்னைக்கு வேன்ல என்ன பண்ணினே?”

“பாடிக்கிட்டு வந்தேன். டிரைவர் பாட்டு மேல பாட்டா போட்டுக்கிட்டே இருந்தான். அடுத்து என்ன பாட்டுன்னு நானும் அலீனா டீச்சரும் பந்தயம் கட்டினோம்.”

லெஸ்லி எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பியாட்ரிஸைக் காரின் பின் சீட்டில் ஏற்றி, ஸ்டீரியோவில் ஒரு சிடியைச் செருகி, மேட்டுப்பாளையம் சாலையில் மெல்ல இறங்கினார். காரோடு கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோ அது. ஒரு நேரத்தில் ஒரு சிடிதான் போகும். எட்டுப் பாட்டுவரை பியாட்ரிஸ் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். எட்டோடு சிடி முடிந்து, முதல் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

“இது இப்பத்தானே கேட்டோம்” என்றார் பியாட்ரிஸ். “அடுத்தது என்னன்னு தெரிஞ்சுபோச்சுன்னா மனசு நேரா வயித்துக்குப் போயிருதுங்க.”

லெஸ்லி ஒரு கையால் வேறு சிடியைத் துழாவினார்.

“ஸ்டீரிங்கைப் புடிங்க! லாரி வருது!”

லாரி போய்விட்டது. பியாட்ரிஸுக்குத்தான் வந்துவிட்டது. பின் சீட்டின் பிளாஸ்டிக் உறை அன்றைக்கு ஒருநாள் உண்மையிலேயே உபயோகப்பட்டது.

இப்படித்தான் லெஸ்லி, கீழ்க் குன்னூரில் கார் எலெக்ட்ரீஷியன் மாரிச்சாமியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். மாரிச்சாமிக்கு நாற்பது வயதிருக்கும். காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும்.

“இந்த செட்டைக் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுரலாங் சார். பென் டிரைவ் போடலாம், ஆயிரம் பாட்டு.”

“கம்பெனி செட்டைக் கழட்டறதா?” லெஸ்லியின் கை தானாகப் போய் டேஷ்போர்டைத் தடவியது. “அதெல்லாம் வேண்டாம்.”

“அப்ப டிக்கியில ஒரு சேஞ்சர் வெக்கலாங். பத்து சிடி ஒரே பெட்டியில போகும். கலைச்சுப்போட்டுப் பாடும். அடுத்த பாட்டு எந்த சிடியில இருந்து வரும்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது.”

லெஸ்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது அந்த ஆயிரம் பாட்டு இல்லை, இந்தத் தெரியாமைதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஸ்டீரியோவின் முதுகில் வேறு பெட்டியைச் சேர்க்க வழி இல்லை. மாரிச்சாமி அதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். நடுவில் சிகரெட் பெட்டி அளவில் ஒரு டப்பா. அது சேஞ்சரின் பாட்டை ரேடியோ அலையாக்கி, ஏரியல் வயர் வழியாக ஸ்டீரியோவுக்குள் அனுப்பும். எஃப்எம்மில் காலியாக இருக்கும் ஓர் எண்ணில் வைத்துவிட்டால், ஸ்டீரியோ அதை ஏதோ ஒரு வானொலி நிலையம் என்று நம்பிப் பாடும்.

“ஏமாத்து வேலை மாதிரி இருக்குது” என்றார் லெஸ்லி.

“உங்க செட்டை ஒரு ஸ்குரூகூடக் கழட்டாமப் பண்ணணும்னா ஏமாத்தித்தானுங் சார் ஆகணும்.”

ஒரு முழு சனிக்கிழமை வேலை நடந்தது. லெஸ்லி முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செட்டைத் தவிர மற்ற இடங்களில் கழற்றிய ஒவ்வொரு திருகையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி, எந்த இடத்துத் திருகு என்று மேலே எழுதினார். வயரை விரிப்புக்கு அடியில் முன்பக்கம்வரை இழுத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். டிக்கியில் பெட்டியை நிறுத்த நான்கு துளை போட வேண்டும் என்றதும் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

“ஏனுங் சார், இது காருங்களா, இல்ல நோயாளிங்களா?” என்று மாரிச்சாமி பின்னாலிருந்து கத்தினார். “ஆபரேசன் முடிஞ்சதும் சொல்லியனுப்பறேன், வாங்க.”

மாலையில் மாரிச்சாமி எஃப்எம்மை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை திருகிப் பார்த்தார். ஊட்டி வானொலி மட்டும் ஓர் இடத்தில் பேசியது. மற்ற இடமெல்லாம் வெறும் இரைச்சல். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து டப்பாவை அங்கே வைத்தார். பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. வெலிங்டன் போய், அருவங்காடு போய்த் திரும்பினார்கள். சின்னப் பிசிறுகூட இல்லை. மலைப்பாதையில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாமா என்று லெஸ்லி வீட்டில் கேட்டபோது பியாட்ரிஸ் கையெடுத்துக் கும்பிட்டார். “வாந்திக்கெல்லாம் ஒத்திகை வேண்டாங்க. நேரா அரங்கேற்றம்தான்.”

பத்து சிடியைப் பொறுக்கியதில் மட்டும் லெஸ்லி கொஞ்சம் கோட்டைவிட்டார். எண்பதுகளின் காதல் பாட்டு நான்கு, கோயில் பாடகர் குழு பாடியது இரண்டு, கிராமியப் பாட்டு ஒன்று, கிறிஸ்துமஸ் கீதம் ஒன்று. மீதி இரண்டு அலமாரியில் கிடைத்தவை. அதில் ஒன்று, தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நினைத்துப் பாடும் சிலுவைப்பாதைப் பாடல்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். பியாட்ரிஸ் முன் சீட்டில், மடியில் எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும். குன்னூரைத் தாண்டியதும் ஜூலை மாத வெயிலில் கிறிஸ்துமஸ் மணி அடித்தது. அடுத்த பாட்டில் ஒரு காதல் ஜோடி மழையில் நனைந்தது.

“அடுத்தது கோயில் பாட்டு” என்றார் பியாட்ரிஸ்.

“கிராமியம்” என்றார் லெஸ்லி.

சிலுவைப்பாதை வந்தது.

“ஏனுங்க, இறங்கற ரோட்டுல போடற பாட்டா இது? நம்மளை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?” பியாட்ரிஸ் சிரித்ததில் இரண்டு வளைவு போனதே தெரியவில்லை.

காட்டேரிப் பூங்காவைத் தாண்டி ஒரு திருப்பத்தில் மலை விலகிக் கீழே சமவெளி முழுதாகத் தெரிந்தது. அந்த நொடியில் சிலுவைப்பாதைக்கு நடுவே ஒரு பெண் குரல், “வணக்கம் கோயமுத்தூர்!” என்று கூவியது. அடுத்த வளைவில் அவள் மறைந்தாள். அதற்கடுத்த வளைவில் நகைக்கடை விளம்பரத்தோடு வந்து சேர்ந்தாள். பாட்டு பாதி, செய்கூலி சேதாரம் பாதி, இரண்டுக்கும் நடுவில் கரகரவென்று எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம்.

குன்னூரில் காலியாக இருந்த அந்த எண், மலை மறைத்ததால் காலியாக இருந்ததே தவிர, கோயமுத்தூரில் ஆளிருந்த வீடு. மலைமேலேயே பிறந்து, மலைமேலேயே கடை வைத்த மாரிச்சாமிக்கும் அது தோன்றவில்லை, லெஸ்லிக்கும் தோன்றவில்லை.

பியாட்ரிஸ் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முகம் வெளுத்துவிட்டது. சாலை அகலமான ஓர் இடத்தில் லெஸ்லி வண்டியை ஓரம் கட்டி, மாரிச்சாமிக்குப் போன் போட்டார்.

“அட ஆமாங் சார்! கீழே இறங்கினா ஸ்டேஷன் எடுக்குமில்ல! ஒண்ணும் போச்சாது. கூரை மேல ஏரியல் கம்பி இருக்குது பாருங்க, அதுதான் கோயமுத்தூரைப் புடிச்சுட்டு வருது. திருகிக் கழட்டிப்போட்டுருங்க. நம்ம பாட்டு வயர்ல வருது, அதுக்குக் கம்பி வேண்டாங்.”

லெஸ்லி இறங்கித் திருகினார். ஏழு வருடப் பனி அந்தக் கம்பியின் அடியைத் துருவாகப் பிடித்து வைத்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றித் திருகினார். இடப்பக்கம், வலப்பக்கம். அசையவில்லை. சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு கூர்ந்து பார்த்தது. மணி ஏழு பத்து.

பியாட்ரிஸ் கண்ணாடியை இறக்கினார். குரலில் வழக்கமான கூர்மை இல்லை.

“திரும்பிரலாங்க. இன்னும் பத்து வளைவு இருக்குது. என்னைய ஊட்ல விட்டுட்டு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. அவதான் வர வேண்டாம்னு சொல்லிட்டாளே. புரிஞ்சுக்குவா.”

லெஸ்லி அவரைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார். கம்பெனிக்காரன் யோசித்து வைத்த கம்பி. அதை இரண்டு கையாலும் அடியோடு பிடித்து, முழங்காலைக் காரில் முட்டுக்கொடுத்து, ஒரே மடக்கு. படீரென்று முறிந்தது. குரங்கு சுவருக்கு அந்தப் பக்கம் குதித்து ஓடியது.

முறிந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்தவன் மாதிரி நின்றார் லெஸ்லி. பியாட்ரிஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, பாலிதீன் பையைக் கீழே போட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“உடைச்சுட்டீங்களா? நீங்களா? ரிமோட்டுக்குச் சட்டை போடற மனுசன்!”

“ஏறும்மா, நேரமாச்சு” என்றார் லெஸ்லி. பியாட்ரிஸ் இறங்கவே இல்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

கோயமுத்தூர்க்காரி அதற்குப் பிறகு வரவில்லை. தூரத்தில் லேசாக ஓர் இரைச்சல் இருந்தது, அவ்வளவுதான். பர்லியார் பழக்கடைகளைத் தாண்டும்போது கிராமியம் வந்தது. லெஸ்லிக்கு ஒரு புள்ளி. கல்லாற்றில் அடுத்தடுத்து மூன்று காதல் பாட்டு, பியாட்ரிஸுக்கு இரண்டு. மேட்டுப்பாளையத்துப் பாலம் ஏறும்வரை அந்தப் பை காலியாகவே இருந்தது.

விழாக் கூடத்தில் அறுபது பெண்கள், ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு, ஒரே மாதிரிக் கொண்டை. லெஸ்லிக்கு மகள் எது என்று தெரியவில்லை. “அதோ, வலது தோளை இறக்கி நடக்கறா பாருங்க, அதான்” என்றார் பியாட்ரிஸ். விளக்கோடு மேடை ஏறிய ரேச்சல் அப்பாவைத் தேடிக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவைக் கண்டுகொண்டு திரும்பப் போனவள், நின்றாள். விளக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற பெண் முழங்கையைப் பிடித்து அவளை நிமிர்த்தினாள். உறுதிமொழி முழுவதையும் ரேச்சல் அம்மா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசையைப் பார்த்தே சொன்னாள்.

பிறகு பெற்றோர்களுக்கு விடுதியில் சாப்பாடு போட்டார்கள். ரேச்சல் அம்மாவின் கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பயணம் என்றால் பியாட்ரிஸ் முதல் நாளிலிருந்தே பட்டினி கிடப்பார் என்பது அவளுக்குத் தெரியும். இலையில் சோறு வந்து விழ விழ அவளுக்குப் பயம்.

“அம்மா, திரும்ப மலையேறணும். பாத்துக் கொஞ்சமாச் சாப்பிடுங்க.”

பியாட்ரிஸ் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாம்பாரை முடித்து, ரசத்தை முடித்து, பாயசத்தை வழித்துவிட்டு, பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டார்.

“இன்னும் கொஞ்சம் சோறு வைம்மா. மோர் இருக்குதா?” என்றவர் மகள் பக்கம் திரும்பினார். “அடுத்த மாசம் பாக்க வர்றது என்னைக்குடி? ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு லீவு போட வேண்டியதில்லை.”

லெஸ்லி தன் இலையை மறந்து, மனைவி மோர் ஊற்றிப் பிசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.