எடை மெஷினுக்கு முதுகைக் காட்டி

எடையைக் குறைக்கச் சொன்னதற்காகத் துக்கம் அனுசரித்த வீடு ஒன்று உண்டென்றால் அது எங்கள் வீடாகத்தான் இருக்கும். முட்டி வலிக்கிறது என்று எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் உடம்பு குறைந்தால் முட்டி தானாகத் தேறிவிடும் என்றார். பூனாவில் பாதிப் பேருக்கு அவர் சொல்வது அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கைப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ரிக்‌ஷா கோர்படியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்வரை அதை விடவில்லை.

காரணம் இருந்தது. தொண்ணூறுகளில், இதே பூனாவில் காலேஜில் படிக்கும்போது, எனக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சண்டை வந்தது. முதலில் தோழிகள் 'ஸ்லிம்மா இருக்கே' என்று மெச்சினார்கள். பிறகு மெச்சுவது நின்றது. பிறகு ஆஸ்பத்திரி. அது ஒரு நோய் என்று எங்கள் திருநெல்வேலிச் சொந்தங்களில் ஒருவருக்கும் தெரியாது. கொழுப்பு என்றார்கள், எவனையோ காதலிக்கிறாள் என்றார்கள். பள்ளிக்கூட டீச்சரான அம்மா நீண்ட லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையும் ஏறி இறங்கும். அப்படித்தான் பிழைத்தேன். அதன்பின் வேலை, கல்யாணம், பிள்ளை எல்லாம் ஆயிற்று. உடம்பு நன்றாகத் தேறியது. கொஞ்சம் கூடுதலாகத் தேறிவிட்டது, அவ்வளவுதான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அம்மாவுக்கு 'எடை' என்ற சொல்லே அடுப்பங்கரை. எனக்கு மட்டும் என்ன? பயம்தான். முட்டி தேற வேண்டும், மகன் பின்னால் ஓட வேண்டும். ஆனால் குறைக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, அந்தப் பழைய நோய் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டால்?

அதனால் முன்பு எனக்கு வைத்தியம் பார்த்த மனநல டாக்டரிடமே போனேன். மராட்டிக்காரப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குறைக்கலாம், ஆனால் என் கண்ணுக்கு எதிரே" என்றார். எந்த வேளையும் தவறக்கூடாது. வீட்டில் எடை மெஷின் கூடாது. உபவாசம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பழைய நினைப்பு தலைகாட்டினால் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எடை பார்ப்பதும் அவருடைய அறையில்தான். அதுவும் மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எண்ணை அவர் பார்ப்பார், நான் சுவரில் இருக்கும் பூங்கொத்துப் படத்தைப் பார்ப்பேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு வேகம் எதற்கு? நாளையிலிருந்து ராத்திரிக்கு இன்னொரு பாக்ரி சாப்பிடு, கடலைச் சட்னியோடு." இளைத்ததற்காகத் திட்டு வாங்கிய பேஷன்ட் அந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சோள ரொட்டி அமிர்தம்.

காலையில் நடை. ராணுவக் குடியிருப்புப் பக்கம் மரநிழல் விழுந்த நல்ல சாலைகள் உண்டு. அம்மாவும் கூடவே வருவாள், கைப்பையில் குளுக்கோஸ் பிஸ்கட்டோடு. ஜவான்கள் கும்பலாக எங்களைத் தாண்டி ஓடுவார்கள், திரும்பி வரும்போது மறுபடியும் தாண்டுவார்கள். "பாவம் பிள்ளைய, காலையில ஏதாவது சாப்பிட்டிருக்குமோ என்னமோ" என்பாள். இந்திய ராணுவத்துக்கே பிஸ்கட் நீட்டிவிடுவாளோ என்று எனக்குப் பக்கென்றிருக்கும்.

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர், கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கு ஒரு காலத்தில் உடம்பு சரியில்லை என்று தெரியும், அதன் ஆழம் தெரியாது. என் பிறந்தநாளுக்குப் பளபளவென்று ஒரு கண்ணாடி எடை மெஷினை வாங்கி வந்து கூடத்தில் வைத்தார்.

"டிஜிட்டலுங்க அத்தை. கிராம் சுத்தமாக் காட்டும்."

"நல்லாருக்கு மாப்ள" என்றாள் அம்மா.

மறுநாள் மெஷினைக் காணோம். கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், எங்கும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சமையல் என் பொறுப்பு என்று கிளம்பியவர் அரிசி டிரம்முக்குள் படியை விட்டார். டங்கென்றது. அரிசி உதிர உதிர மெஷினை வெளியே எடுத்து, "ஏனுங்க அத்தை, இது இங்க எப்படி வந்துச்சு?" என்றார்.

"அரிசி எம்புட்டு இருக்குன்னு பாக்கணும்லா மாப்ள" என்றாள் அம்மா, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அன்றைக்குத்தான் அவரை உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன்.  மறுநாள் மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் 'இளைச்சுட்ட' என்று அவர் வாயால் ஒருமுறைகூட வந்ததில்லை. 'மாடிப்படி நல்லா ஏறுறியே' என்பார். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். மூன்று மணிநேர ஆராதனை முடிந்தபின் கோயில் முற்றத்தில் கஞ்சி ஊற்றுவார்கள், அதுதான் அன்றைய முதல் ஆகாரம். நோய் வந்ததிலிருந்து எனக்கு மட்டும் விலக்கு. அந்த வருஷமோ ரவிக்கையெல்லாம் தொளதொளத்திருந்தது, முட்டி என் பேச்சைக் கேட்டது, கோயிலில் பெண்கள் எப்படி இளைத்தாய் என்று கேட்டு மொய்த்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு நானும் உபவாசம் என்று சொன்னேன். ஆண்டவருக்காக ஒரே ஒரு நாள், அதில் யார் குற்றம் காண முடியும்? அம்மா "ம்" என்றாள்.

பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் பெரியவர்களுக்காக அடுப்பு பற்றவைத்ததே இல்லை. மறுநாள் காலையில் இட்லி வேகும் வாசனையில் விழித்தேன். அம்மா வெள்ளைச் சேலை கட்டி, மேஜையில் எதிரெதிராக இரண்டு தட்டு வைத்து, மிளகாய்ப் பொடிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உக்காருட்டி. நான் சாப்பிடுதேன், நீயும் சாப்பிடு."

"அம்மா, இன்னைக்குப் பெரிய வெள்ளி."

"எனக்குக் காலண்டர் பாக்கத் தெரியும்" என்று சொல்லி இட்லியைப் பிட்டாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்த வருஷம்கூட, அவள் அந்த உபவாசத்தை விட்டதில்லை. பிட்டதை மிளகாய்ப் பொடியில் தோய்த்தாள். வாயில் போட்டு மென்று விழுங்கினாள். "நேத்து சொன்னப்ப உன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் இருந்துச்சு. ஆண்டவருக்காக வந்த சந்தோஷமில்ல அது. அந்த மூஞ்சிய நான் முந்தியே பாத்திருக்கேன்ட்டி."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவள் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். சண்டை போடத்தான் உட்கார்ந்தேன், இட்லி தின்றுவிட்டு எழுந்தேன். பிறகு டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "இன்றைக்கே சொல்லிவிட்டாய், நல்லது. நாளைக்கு வந்து பார்" என்றார்.

கோயிலில் ஆராதனை முடிந்து முற்றத்தில் கூட்டம் வரிசையில் நின்றது. பசியில் வாடிய முகங்கள், ஆனாலும் ஒரு திருப்தி. போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். அவர்தான் கஞ்சி ஊற்றினார். அம்மா பெண்கள் சங்கத்தின் தலைவி என்பதால் முதல் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். பேசாமல் வாங்கிக் குடித்திருக்கலாம். ஒரு ஈ, காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

"எனக்கு வேண்டாம் ஐயரம்மா. நான் காலையிலயே இட்லி சாப்ட்டுட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது. வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயரம்மா நல்லவர், தப்பிக்க ஒரு வழி கொடுத்தார்: "உடம்புக்கு முடியலையாக்கும்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சாப்பிட வேண்டியிருந்துச்சு, சாப்ட்டேன்." கிண்ணத்தை வாங்கி என் கையில் வைத்தாள். "இவளுக்கு ஊத்துங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிட்டு, இவ வேளை தவறக் கூடாது."

அத்தனை பேர் முன்னால் அவள் தலை கொஞ்சமும் குனியவில்லை. நான் கஞ்சியைக் குடித்துவிட்டு, வரிசையில் திரும்பப் போய் நின்று, இன்னொரு கரண்டி கேட்டேன்.