சிராஜ் அமுக்கிய பன்னிரண்டாயிரம் பாக்கெட்

வீடு வீடாக இணையக் கம்பி இழுக்கும் சிராஜ் தினமும் பன்னிரண்டாயிரம் பாக்கெட் அமுக்குகிறான் என்று தாராவிச் சந்து ஒன்றில் வதந்தி கிளம்பியது. என்ன பாக்கெட், பாலா, மசாலாவா என்று யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கை தெளிவாக இருந்தால் அந்தச் சந்துக்கு மற்ற விவரம் தேவையில்லை.

விதை போட்டவள் அஸ்ரின். சலாவுதீனின் இணைய அலுவலகத்தில் நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பது அவள் வேலை. இணையத்தில் எல்லாம் துண்டு துண்டாகப் போகும்; துண்டுக்குப் பெயர் பாக்கெட். எத்தனை போயின, எத்தனை வழியில் விழுந்து தொலைந்தன என்று கண்காணிப்புக் கணினி சொல்லும். அது சொன்னதை அவள் வாசல் பலகையில் எழுதிவைத்தாள்: ‘சிராஜ் லைன் – 12,000 பாக்கெட் காணோம்.’ ‘சிராஜ் பார்க்கும் லைன்’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும். மும்பைப் பள்ளியில் இந்தி படித்தவள். தமிழில் ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்தாள்.

தோல்பைப் பட்டறை பீவி படித்தாள். “பூனாவுக்கு அனுப்புன பை பாக்கெட்டு போய்ச் சேரலன்னு நேத்தே சொன்னேம்லா!”

சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டார் சிராஜை மாடி ஏற விடவில்லை.

“சனிக்கிழமையோட அவன நிப்பாட்டிருதேன்” என்றார் சலாவுதீன். “கஸ்டமர் போனான்னா ஆபீஸே பந்த்.”

“மாமா, அது அந்த பாக்கெட் இல்ல” என்றாள் அஸ்ரின்.

“எந்த பாக்கெட்டா இருந்தா என்னட்டி? காணோம்லா?”

கைவசம் இரண்டு நாள். அஸ்ரின் சரிபார்க்கக் கிளம்பினாள். அலுவலகத்து இணையப் பெட்டியிலிருந்து புறப்பட்டவை எத்தனை, பீவியின் பட்டறைப் பெட்டிக்கு வந்து சேர்ந்தவை எத்தனை என்று இரண்டு முனையிலும் எண்ணிக்கையைக் குறித்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. போன இடத்தில், பீவியின் பைகள் பட்டறைப் பரணிலேயே பத்திரமாக இருப்பதையும் பார்த்தாள்.

அப்படியானால் பன்னிரண்டாயிரம் விழுந்தது எங்கே? கண்காணிப்புக் கணினியிலேயேதான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு நகல் அதற்கு வரும். வந்ததை எண்ண வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் அசந்துபோகட்டும் என்று சலாவுதீன் அதே கணினியில் பெரிய டிவியை மாட்டி, வண்ண வண்ணமாகக் கோடுகளை ஆடவிட்டிருந்தார். கோடு வரைவதிலேயே அதற்கு மூச்சு முட்டியது. எண்ண முடியாமல் விட்ட நகலையெல்லாம் ‘விழுந்தது’ என்று எழுதிக்கொண்டது. சில அலுவலகங்களில் மனிதர்களும் இப்படித்தான் கணக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதவி உயர்வும் உண்டு.

அஸ்ரின் டிவியைக் கழற்றினாள். எண் பூஜ்யத்துக்கு வந்தது.

சலாவுதீன் திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். “டிவி இல்லாம மொட்டையா இருக்கே.”

கடைசியில் பழைய கோட்டாட்டத்தைப் பதிவு செய்து, பென் டிரைவிலிருந்து டிவியில் ஓடவிட்டார்கள். வாடிக்கையாளர் இன்றும் அசந்துதான் போகிறார்கள்.

சிராஜின் வேலை தப்பியது. அண்ணன் முறையில் அஸ்ரின் ‘காக்கா’ என்று கூப்பிடும் அவன் கேட்டது ஒன்றுதான். “பலகையில எழுதித்தான எம்பேரு போச்சு? நான் எடுக்கலன்னு பலகையிலயே எழுதிரு தங்கச்சி. ஒரு வரி போதும்.”

“ஆபீஸ் தப்புன்னு ஆபீஸ் வாசல்லயே எழுதவா?” என்று சலாவுதீன் தடுத்துவிட்டார். பிறகு பார்க்கலாம் என்றார். ஐந்து வாரமாயிற்று. பலகையில் இப்போது ரீசார்ஜ் சலுகை.

தினமும் காலையில் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு சிராஜ் பலகையை ஒரு பார்வை பார்ப்பான். “என்ன அஸ்ரின், எம் பாக்கெட்டு வந்துட்டா?”

“வந்துட்டே இருக்கு காக்கா” என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.