தக்கை மாஸ்டரின் கதவு

ஆறு மில்லிமீட்டர். மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே இவ்வளவு தக்கை இருந்தால் உலகத்துச் சண்டையில் பாதி குறைந்துவிடும் என்பது தக்கை மாஸ்டரின் கணக்கு. எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். அதன் பிறகுதான் வீட்டிலிருப்பவர்களிடம் "நல்லா இருக்கீங்களா?" துக்க வீட்டிலும் இதே வரிசைதான். "சுவரு வெறும் அட்டைங்க. நீங்க இங்க அழுதா பக்கத்து வீட்டுக்காரங்களும் சேர்ந்து அழணும்" என்று ஒருமுறை சொல்லப்போய், சொந்த மச்சானே அவரைத் தோளில் கைபோட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

வீடுகளிலும் அலுவலகங்களிலும் தரைக்கும் சுவருக்கும் தக்கைத் தகடு ஒட்டுவது அவர் தொழில். பாட்டில் வாயில் செருகுகிறோமே, அதே தக்கைதான். ஒரு மரத்தின் பட்டை. ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிப்பார்கள். மரம் சாகாது, மறுபடி பட்டை கட்டும். இதைச் சொல்லும்போது மாஸ்டரின் குரல் தழுதழுக்கும். "தோலை உரிச்சாலும் கோவிச்சுக்காத ஜீவன் உலகத்துலயே அது ஒண்ணுதாங்க" என்பார்.

"ரெண்டு" என்று சமையலறையிலிருந்து அவர் மனைவி திருத்துவார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுத் தக்கை இருக்கும். யாரைப் பார்த்தாலும் கையில் கொடுத்துக் கட்டைவிரலால் அமுக்கச் சொல்வார். "நல்லா அமுக்குங்க. இப்ப விடுங்க. பாத்தீங்களா, பள்ளம் எழுந்துக்குச்சு! மனுஷன் அப்படி இருக்கணும்." பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்தபடியே அதை எடுத்து நீட்டியவர் அவர். மருத்துவரும் அமுக்கிப் பார்த்தாராம். அதற்குள் பல் மரக்கப் போட்ட ஊசியின் வேகம் இறங்கிப்போனதாம்.

வீட்டில் நாற்காலிக் கால்களுக்குத் தக்கைக் குல்லாய். சூடான பாத்திரத்துக்கு அடியில் தக்கை, தட்டுக்கு அடியில் தக்கை, கடிகாரத்தின் முதுகில் தக்கை. அவர் காலில் தக்கை அடி வைத்த செருப்பு. இருப்பது அந்த ஒரு ஜோடிதான். "ஆத்திரத்துல ஒரு தட்டைப் போட்டாக்கூட சத்தம் வர மாட்டேங்குது. இந்த வீட்டுல நிம்மதியா கோவிச்சுக்கக்கூட முடியல" என்பது மனைவியின் நெடுநாள் முறையீடு.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல அந்த வீட்டில் அடங்காதது ஒன்று இருந்தது: மகளின் டிரம்ஸ். சன்னல் இல்லாத சாமான் அறையில் வைத்து அவள் அடிக்கும்போது கீழ்த்தளத்தில் விளக்கு ஆடுமாம். கீழே குடியிருப்பவர் ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர். விசிலை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. ஒரு விசில் ஊதினால் எச்சரிக்கை. இரண்டு ஊதினால் படியேறி வருகிறார் என்று பொருள்.

கடைசியில் விஷயம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் சத்தம் அடங்காவிட்டால் கட்டடத்தில் டிரம்ஸே கூடாது. மகளுக்கோ அடுத்த மாதம் ஓர் இசைக்குழுவில் ஆள் தேர்வு. இரண்டு வருடமாக அதற்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறாள். மாஸ்டருக்கு வேறு கவலையும் சேர்ந்துகொண்டது. "ஊரை எல்லாம் அமைதியாக்குறீங்க, உங்க வீட்டுல இடி இடிக்குதாமே?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டார். மனிதர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே சாமான் அறையில் இறங்கினார். தக்கை, அதன்மேல் பலகை, அதன்மேல் மறுபடி தக்கை. தரை, கூரை, நான்கு சுவர். காற்று வர வளைந்து வளைந்து போகும் ஒரு குழாய், அதன் உட்புறத்திலும் தக்கை. வெள்ளிக்கிழமை காலை மிச்சமிருந்தது கதவின் உட்பக்கம் மட்டும்.

என் வீட்டுச் சுவருக்குத் தக்கை ஒட்டுவது பற்றிப் பேச அன்றுதான் நான் போனேன். கதவைத் திறந்த மாஸ்டரின் மனைவி, "பசை தீந்துபோச்சுன்னு கடைக்குப் போயிருப்பாரு. உக்காருங்க, இப்ப வந்துருவாரு" என்றார். தேநீர் வந்தது. மேஜையில் மாஸ்டரின் கைபேசியும் ஒரு கதவுக் கைப்பிடியும் கிடந்தன. "பாருங்க, வீட்டைக் கழட்டிக் கழட்டி மேஜையில வைக்கிறாரு" என்று அந்த அம்மா கைப்பிடியை ஒதுக்கிக் கோப்பையை வைத்தார்.

"அப்பா சொல்லாம போக மாட்டாரேம்மா" என்றாள் மகள்.

"உங்கப்பா சொல்லிட்டுப் போன நாளு எது?"

ஆள் இல்லாத தைரியத்தில் பேச்சு சூடு பிடித்தது. பெண் பார்க்க வந்த அன்றே மாஸ்டர் மாமனார் வீட்டுச் சுவரைத் தட்டியது, தேன்நிலவு விடுதியில் நடுராத்திரி எழுந்து தரையில் காது வைத்துப் படுத்தது, எல்லாம் வெளியே வந்தன. "அவரு தாலாட்டினா பிள்ளை தூங்காதுங்க. தக்கையைப் பத்திப் பேசினா ரெண்டே நிமிஷத்துல தூங்கிடும்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது தேநீரும் முடிந்தது.

வாசல் மணி அடித்தது. நடுவர். கழுத்தில் விசில், முகத்தில் கலவரம்.

"என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"இல்லையே சார். இன்னிக்கு நாங்க ஒண்ணுமே பண்ணலையே."

"அதான் கேக்கறேன். காலையில இருந்து ஒரு டம் இல்ல, டும் இல்ல. எனக்கு உக்காரவே முடியல. எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க? மாஸ்டர் எங்க?"

"கடைக்குப் போயிருக்காரு."

நடுவர் குனிந்தார். வாசலில் அந்த ஒரே ஜோடிச் செருப்பு. நிமிர்ந்து மேஜையைப் பார்த்தார், கைபேசி, கைப்பிடி. பிறகு மைதானத்தில் தவறு கண்டவர்போலக் கையை நீட்டிக் காட்டினார். மூன்றடி தூரத்தில் சாமான் அறைக் கதவு, கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் சதுரத் துளையோடு சாத்திக் கிடந்தது.

நடந்தது இதுதான். தகடு கதவில் துளையையும் மூடிப் படிந்து ஒட்ட வேண்டுமென்றால் கைப்பிடியைக் கழற்றவேண்டும். அது தொழில் விதி. பசை காயும்வரை கதவைச் சாத்தி, விளிம்பு நிலைச்சட்டத்தோடு அமுங்கும்படி வைக்கவேண்டும், அதுவும் விதி. இரண்டையும் மாஸ்டர் அப்பழுக்கில்லாமல் செய்திருந்தார், உள்ளே நின்றுகொண்டு.

அம்மா ஓடிப்போய்க் கைப்பிடியின் கம்பியைச் செருகித் திருகினார். கதவு திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த சத்தமெல்லாம் எங்கள் மேல் கொட்டியது. மாஸ்டர் டிரம்ஸின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பல். இரண்டு கையிலும் குச்சி. பழக்க தோஷத்தில் நடுவரின் கை விசிலுக்குப் போய்விட்டது.

மாஸ்டர் எங்களைப் பார்க்கவே இல்லை. தொண்டை கட்டிய குரலில் நடுவரிடம் கேட்டார்: "சார், கேட்டுச்சா?"

"எது?"

"ஒரு மணி நேரமா அடிக்கிறேனே சார்! அதுக்கு முன்னாடி கத்தினேன். கதவை உதைச்சேன். எதுவுமே கேக்கலயா?"

நடுவர் கீழே தரையைப் பார்த்தார், தன் வீட்டுக் கூரையை அங்கிருந்தே பார்ப்பதுபோல. "ஒண்ணுமே கேக்கல மாஸ்டர்" என்றார் மெதுவாக. "அதனாலதான் பயந்துபோய் ஏறி வந்தேன்."

மாஸ்டர் அழுதுவிடுவார் போலிருந்தது. அம்மா நிஜமாகவே அழுதார். "உள்ள ஏதாவது ஆகியிருந்தா?"

"காத்துக்குத்தான் குழாய் இருக்கே."

"காத்து வந்தா போதுமா? ஆளு வர வேணாமா?" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அது இருக்கட்டும். நாங்க வெளிய பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஒரு வார்த்தை கேக்கல!" என்றார் மாஸ்டர், மார்பை நிமிர்த்தி.

"அப்பாடா" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தானே எழுந்து சாட்சி சொல்வதாக நடுவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். ஆனால் அந்தக் கதவை அப்படியே விட அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலையே மாஸ்டர் தன் கையாலேயே அதில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டார். அதற்குப் பொருத்தமாக ஒரு பழைய பாட்டில் தக்கையைத் தேடி எடுத்து, கட்டைவிரலால் அமுக்கி, அது எழுந்து வருவதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். மகள் வாசிக்கும்போது தக்கை துளையில் இருக்கவேண்டும். அவர் தனியாக உள்ளே போனால் அது அம்மாவின் கையில் இருக்கவேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

உடனே சோதனை. மாஸ்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துளை வழியாகக் குரல் தெளிவாக வந்தது. "கேக்குதா? இந்த மரம் இருக்கே, இதோட பட்டைய ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறைதான்..."

அம்மா தக்கையைத் துளையில் செருகிவிட்டு, இரவுச் சமையலைப் பார்க்கப் போனார்.