ஆழ்ந்த தூக்கம்: ஒரு மணி பத்து நிமிஷம்

மொபைல் கடையில் ஸ்மார்ட் வாட்ச் விற்பது சுலபம். வாங்கியவர் மறுநாள் காலையில் வந்து அவர் தூங்கிய தூக்கத்துக்கே நம்மிடம் விளக்கம் கேட்பாரே, அதுதான் பெரும்பாடு. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் என் இனத்தாருக்கு அது புரியும்.

வராத கனவு

உத்திரமேரூரில் எங்கள் கடைக்கு வந்த கஸ்தூரியக்கா, கம்பெனி வேன் ஓட்டும் தன் கணவர் தேசிங்குக்காக ஒரு வாட்ச் வாங்கினார். போன மாதம் வேறொரு டிரைவர் கண்ணயர்ந்து வேனை நெல் வயலில் இறக்கிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அதிலிருந்து, இரவு தூங்கிய கணக்கைத் தினமும் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் சாவி என்று வேன் ஓனர் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலையிலேயே அக்கா திரும்பி வந்தார். முதல் ராத்திரி தானே கட்டிப் பார்த்திருக்கிறார். கனவுத் தூக்கம் ஒன்றே கால் மணி நேரம் என்று காட்டியிருக்கிறது. கனவெல்லாம் காலையில் நினைவில் நிற்காது அக்கா என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

"நான் கனா கண்டது வாட்ச்சுக்குத் தெரிஞ்சிகீது. கண்ட எனக்குத் தெரிலியே தம்பி."

டவுன் பஸ்ஸில் வந்த டிரைவர்

நான்காம் நாள் தேசிங்கண்ணன் சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வேன் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. போட்டோவில் ஆழ்ந்த தூக்கம் ஒரு மணி பத்து நிமிஷம் என்றிருந்ததைப் பார்த்த ஓனர், ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டா இருந்தாய் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாராம். வாரக் கடைசி வரை இப்படியே இருந்தால் வேனுக்கு வேறு ஆள்.

போனை வாங்கிப் பார்த்தேன். லேசான தூக்கம் நாலரை மணி, கனவுத் தூக்கம் ஒரு மணி இருபது, ஆழ்ந்தது ஒன்று பத்து. எல்லாமே தூக்கம்தான் அண்ணே, மொத்தம் ஏழு மணி நேரம், யாருக்குமே ஆழ்ந்தது கொஞ்சம்தான் வரும் என்றேன். அதுவும் நாடித்துடிப்பையும் கை அசைவையும் வைத்து வாட்ச் போடும் உத்தேசக் கணக்குதான் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குப் புரிஞ்சி இன்னாத்துக்கு தம்பி? சாவி அவராண்டல்ல கீது."

டெமோ வாட்ச்

மறுநாள் ஓனரே வந்தார், என்ன வாட்ச் விற்கிறாய் என்று சத்தம் போட்டுக்கொண்டே. எனக்குக் குரலுயர்த்திப் பேச வராது. கண்ணாடிப் பெட்டியிலிருந்த டெமோ வாட்ச்சை எடுத்து, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே அவருக்குக் கட்டிவிட்டேன். ஒரே ஒரு ராத்திரி கட்டிக்கொண்டு படுங்க சார் என்றேன்.

அடுத்த காலை நான் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே வந்து நின்றார். படுத்ததுதான் தெரியும், விடிந்துவிட்டது, அப்படியொரு தூக்கம் என்றார். நான் திரையைக் காட்டினேன். ஆழ்ந்தது ஐம்பத்திரண்டு நிமிஷம். மணிக்கட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். பிறகு மொத்தம் எங்கே போட்டிருக்கிறது என்று அவரே கேட்டார். ஏழரை மணி நேரம். கடை வாசலிலிருந்தே தேசிங்கண்ணனுக்குப் போன் போட்டு, சாவியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போகும்போது என் பக்கம் குனிந்தார்.

"அம்பத்திரண்டு நிமிஷம் மேட்டர் டிரைவருங்களுக்குத் தெரிய வாணாம்."

ஊரார் தூக்கத்தையெல்லாம் விளக்கி முடித்ததில், தேசிங்கண்ணன் கைக்குச் சாவி திரும்பிவிட்டது, டெமோ வாட்ச்தான் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பவில்லை.