பூட்டிய உப்பு ஜாடி

காஜா பேராங் ஊரில் என் பெயர் நல்லையா என்பதே பலருக்குத் தெரியாது. மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என்றால்தான் தெரியும். கால் வீங்கி வருகிறவர்களிடமெல்லாம் "உப்பத் தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே பெரிய மனுஷன் ஆனவன். அந்தப் பெருமைதான் என் மனைவி சந்திரமதியைக் கொல்லப் பார்த்தது.

சந்திரமதி வாயாடி. ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய், வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்தே வருவாள். ஐம்பத்தேழாம் வருஷத் தொடக்கத்தில் பாதி வழியில் உட்கார ஆரம்பித்தாள். மெலிந்தாள். முகமும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்தன. வெயிலில் அலைந்த கறுப்பு என்று கிண்டல் செய்தேன். உள்ளங்கை ரேகையில் வெயில் எப்படிப் படும் என்று இந்த மேதாவிக்கு உறைக்கவில்லை.

சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுத் தின்றாள். நெத்திலிக் கருவாட்டைப் பச்சையாகவே மென்றாள்.

"ஒடம்பு கேக்குதுங்க."

"ஒடம்பு கேக்கல, நாக்கு கேக்குது. டிரஸ்ஸர் பொண்டாட்டியே இப்படித் தின்னா ஊரு சிரிக்காதா?"

உப்பு ஜாடியை அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கெஞ்சினாள். நான் மசியவில்லை.

ஒன்பதாம் நாள், தெருவில் மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, கொடி கட்டிக்கொண்டிருந்தபோது, வாந்தியெடுத்து அடுப்படியில் விழுந்தாள். நாடி கைக்கு அகப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாள். அவள் உப்பை அள்ளித் தின்றதையும் ஒன்பது நாளாக அது நின்றுபோனதையும் கேட்டறிந்து, கட்டிலருகே நின்று டாக்டர் விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதில் ஊறும் சாறுதான். இவளுக்கு அந்தச் சுரப்பி கெட்டுவிட்டது. உடம்பு உப்பெல்லாம் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது.

"அவங்க அள்ளித் தின்ன உப்புதான் நல்லையா, இத்தன நாள் உயிரப் பிடிச்சு வெச்சிருந்திச்சு. யாரு நிறுத்தினது?"

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. "தெரியல, டாக்டர்," என்றேன்.

சந்திரமதி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஊசியும் மருந்தும் உப்புமாக எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டாள். வாயும் திரும்பிவிட்டது. சாவியைக் கிணற்றில் போட்டேன். ஜாடி இப்போது சாப்பாட்டு மேசையின் நடுவில் இருக்கிறது.

நேற்று மடித்து வைக்க அவள் சேலையை எடுத்தேன். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால், காகிதத்தில் மடித்த உப்பு.

"ஜாடிதான் மேசையில இருக்கே, சந்திரா. அப்புறம் எதுக்கு இது?"

 அந்த வாயாடி சேலையை என் கையிலிருந்து வாங்கி, உப்பை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.